வெளியே எடுக்கும் வழி

யூடியூப் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் ஏற்றப்பட்ட கணினிப் பாடங்களை இன்று தேடிப் பார்த்தால், பலவற்றின் இடது மேல்மூலையில் ஒரே வாசகம் ஒட்டிக்கொண்டிருக்கும்: ‘அன்ரெஜிஸ்டர்டு ஹைப்பர்கேம் 2’. திரையில் நடப்பதைப் பதிவுசெய்யும் மென்பொருளுக்கு இவர் காசு கட்டவில்லை என்று ஊருக்கே சொல்லும் முத்திரை அது. கேம் ஆடுகிறவர்கள் வைத்திருந்த ஃபிராப்ஸ், தன் இணைய முகவரியைப் படத்தின் உச்சியில் பொறித்ததோடு, காசு கொடுக்காதவருக்கு 30 விநாடிக்கு மேல் பதிவும் தரவில்லை. பின்னால் வந்த பாண்டிகேம் தாராளமாக 10 நிமிடம் தந்தது, முத்திரையோடு. பிற்பாடு ஹைப்பர்கேம் 2-ஐ அதன் நிறுவனமே இலவசமாக்கிவிட்டது. ஆனால் பழைய வீடியோக்களில் பதிந்த வாசகம் பதிந்ததுதான். வீட்டுக் கணினிக்கு எடிட்டிங் மென்பொருளோ திரைப்பதிவு மென்பொருளோ தேடுகிறவர்கள் இன்றும் முதலில் கேட்பது ‘வாட்டர்மார்க் வருமா?’ என்றுதான். கேட்க வேண்டியதுதான். ஆனால் கண்ணுக்குத் தெரிகிற இந்த விலை சின்ன விலை. நாள்கணக்கில் உட்கார்ந்து செய்த வேலையை அந்த மென்பொருளிலிருந்து முழுசாக வெளியே எடுக்க முடியுமா, பத்து வருடம் கழித்து வேறொரு கணினியில் அதைத் திறக்க முடியுமா என்பதில் இருக்கிறது பெரிய விலை. கணினிப் படத்தொகுப்பின் ஐம்பது ஆண்டுக் கதையைப் புரட்டினால், ஏமாந்தவர்கள் பெரும்பாலும் உள்ளே நுழையும்போது ஏமாறவில்லை, வெளியே வரும்போதுதான் ஏமாந்தார்கள் என்பது தெரியும். மென்பொருளை அதன் வெளிவாசலைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான்.

கணினியில் படத்தொகுப்பு என்பது ஒரு பட்டியல் எழுதும் வேலை. ஃபிலிம் காலத்தில் எடிட்டர் படச்சுருளை நிஜமாகவே வெட்டி, நிஜமாகவே ஒட்டினார். கணினி எதையும் வெட்டுவதில்லை. எந்தக் கோப்பில் எந்த நொடி முதல் எந்த நொடி வரை எடுத்து, எதற்குப் பின்னால் வைப்பது என்று குறித்துக்கொள்கிறது, அவ்வளவே. அமெரிக்காவில் சிபிஎஸ் தொலைக்காட்சியும் மெமரெக்ஸ் நிறுவனமும் கூட்டாகத் தொடங்கிய சிஎம்எக்ஸ், 1971-இல் ‘சிஎம்எக்ஸ் 600’ என்ற இயந்திரத்தைக் கொண்டுவந்தது. விலை சுமார் 2,50,000 டாலர். திரையில் தெரிந்தது கறுப்பு வெள்ளையில், மங்கலாக. அதில் முன்னும் பின்னும் ஓட்டிப் பார்த்து முடிவெடுத்த பிறகு இயந்திரம் கையில் தந்தது ஒரு பட்டியலை. அதைப் பார்த்து இன்னொரு இயந்திரம் அசல் நாடாக்களிலிருந்து இறுதிப் படத்தைக் கோத்தது. பின்னால் வந்த சிஎம்எக்ஸ் 3600-இன் பட்டியல் அமைப்பு தொழிலின் பொதுமொழியாகவே ஆனது. அதில் ஒரு வரி இப்படிப் போகும்: வரிசை எண் 001, அடுத்து நாடாவின் பெயர், படமா ஒலியா என்பதற்கு ஓர் எழுத்து, நேர்வெட்டா கரைந்து மாறுவதா என்பதற்கு இன்னோர் எழுத்து, பிறகு நான்கு நேரங்கள். 01:00:10:00 என்றிருந்தால் ஒரு மணி, பத்து விநாடி என்று பொருள். கடைசி இரு இலக்கங்கள் ஃபிரேம் கணக்கு. முதல் இரண்டு நேரங்களும் அசல் நாடாவில் அந்தத் துண்டு தொடங்கும் இடமும் முடியும் இடமும். அடுத்த இரண்டும் புதிய படத்தில் அது உட்காரும் இடம். அந்த நிறுவனம் இன்று இல்லை. அந்தப் பட்டியலை மட்டும் இன்றைய தொகுப்பு மென்பொருளான டாவின்சி ரிசால்வ் தடுமாறாமல் படிக்கிறது. எந்தக் கணினியிலும் எவரும் படிக்கக்கூடிய வெற்று எழுத்துகளில் இருந்ததால் அது பிழைத்தது.

இந்த வேலை வீட்டுக்கு வரச் சுமார் முப்பது ஆண்டு பிடித்தது. 1989-இல் வந்த அவிட் என்ற கணினித் தொகுப்புக் கருவி, ஸ்டுடியோக்களின் சொத்து. 1994-இல் வெளியான ‘மகாநதி’, அவிட்டில் தொகுக்கப்பட்ட தொடக்க கால இந்தியப் படங்களில் ஒன்று. மேக் கணினிக்கு அட்டைகள் செய்துவந்த சூப்பர்மேக் நிறுவனத்தில் ராண்டி உபில்லோஸ் என்ற நிரலாளர் எழுதிய மென்பொருளை அடோபி வாங்கி, 1991 டிசம்பரில் பிரீமியர் என்று வெளியிட்டது. அப்போது கணினித் திரையில் ஓடிய படம் 160-க்கு 120 புள்ளி, தபால்தலை அளவு. சாதாரண ஆள் இதற்குள் நுழைய உண்மையான தடை, நாடாவில் இருக்கும் படத்தைக் கணினிக்குள் கொண்டுவருவதுதான். அதற்குத் தனி அட்டை வேண்டும், அட்டைக்குக் காசு வேண்டும். நம் ஊர்களில் கல்யாண வீடியோ ‘மிக்ஸிங்’ தனிக் கடையாக, தனித் தொழிலாக இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். 1995-இல் வந்த ‘டிவி’ (DV, டிஜிட்டல் வீடியோ) நாடாவும் ஃபயர்வயர் கம்பியும் இந்தத் தடையை உடைத்தன. கேமராவுக்குள்ளேயே படம் டிஜிட்டலாகிவிட்டது. கம்பியைச் செருகினால் அப்படியே கணினிக்குள் இறங்கியது. விநாடிக்குச் சுமார் 3.6 எம்பி, மணிக்கு 13 ஜிபி. 1999 அக்டோபரில் ஐமூவி என்ற தொகுப்பு மென்பொருளோடு வந்த ஐமேக் டிவியின் அடிப்படை மாடலில் ஹார்டு டிஸ்க் 10 ஜிபி. ஒரு மணி நேர நாடா ஒன்று அதற்குள் அடங்காது! துண்டு துண்டாக இறக்கி, தொகுத்து, அதே கம்பி வழியாக நாடாவுக்கே திருப்பி எழுதிக்கொண்டார்கள். அதில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. உள்ளே போன தரத்திலேயே படம் வெளியே வந்தது, எந்த நிறுவனத்தின் கருவியிலும் ஓடும் நாடாவில் வந்தது. மறு ஆண்டு, 2000 செப்டம்பரில், விண்டோஸ் எம்இ-யோடு வந்த மூவி மேக்கரின் முதல் பதிப்பு இதற்கு நேர்மாறு. நுழைவு எளிது, காசு இல்லை; முடித்த படத்தை அது தந்தது மைக்ரோசாஃப்டின் சொந்த வடிவில் மட்டும், அதுவும் நசுக்கிச் சுருக்கி. டிவி நாடாவின் தரத்தில் வெளியே எடுக்கும் வசதி பிந்தைய பதிப்புகளில்தான் வந்தது.

உபில்லோஸின் பெயரை நினைவில் வைத்துக்கொண்டால் அடுத்த பத்தாண்டுக் கதை சுலபமாகப் பிடிபடும். பிரீமியரை எழுதியவர் பிறகு மேக்ரோமீடியாவில் இன்னொரு தொகுப்பு மென்பொருளைத் தொடங்கினார். 1998-இல் ஆப்பிள் அதை வாங்கி, 1999-இல் ஃபைனல் கட் புரோ என்று வெளியிட்டது. ஐமூவியின் 2008 பதிப்பை அடியோடு மாற்றி எழுதியவரும் அவரே. பழைய டைம்லைனைத் தூக்கிவிட்டார்கள். பயன்படுத்தியவர்கள் போட்ட கூச்சலில், முந்தைய பதிப்பையும் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம் என்று ஆப்பிள் அறிவிக்க வேண்டிவந்தது. 2011 ஜூனில் ஃபைனல் கட் புரோ டென் வந்தபோது அடி இன்னும் பலமாக விழுந்தது. முந்தைய ஏழாம் பதிப்பில் செய்த ப்ராஜெக்ட் எதையும் அது திறக்கவில்லை. அதே நிறுவனம், அதே பெயர், அதே ஆள். நேற்றுவரை செய்த வேலைக்கு இன்று கதவு அடைப்பு. அடைத்த கதவைத் திறக்க வேறொரு சிறு நிறுவனம் மாற்றுக் கருவி எழுதி விற்றது. அதுவும் எதனால் முடிந்தது? பழைய ஃபைனல் கட், தன் பட்டியலை எக்ஸ்எம்எல் எழுத்து வடிவில் வெளியே தரும் வசதியை வைத்திருந்ததால். விண்டோஸ் பக்கம், 2017 ஜனவரி 10-ஆம் தேதியோடு மூவி மேக்கருக்கு ஆதரவு முடிந்தது. உலகம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகளும் குடும்பங்களும் முதன்முதலில் படம் வெட்டிப் பழகிய மென்பொருள் அது. ஏற்றுமதி செய்துவைத்த படங்கள் தப்பின. ப்ராஜெக்ட் கோப்புகளை மட்டும் வைத்திருந்தவர்களுக்கு, பூட்டு இல்லாத சாவிதான் மிச்சம்.

திரைப்பதிவின் கதை வேறு தடத்தில் ஓடியது. கேமராப் படத்துக்கும் கணினித் திரைக்கும் இயல்பிலேயே வித்தியாசம் உண்டு. 1024-க்கு 768 புள்ளித் திரையை விநாடிக்கு 15 முறை அப்படியே எழுதினால், புள்ளிக்கு மூன்று பைட் வீதம், விநாடிக்கு 35 எம்பி ஆகிறது. தொண்ணூறுகளின் வீட்டு ஹார்டு டிஸ்க்கால் அந்த வேகத்துக்கு எழுத முடியாது. எழுதினாலும், அன்றைய ஏவிஐ கோப்பின் உச்சவரம்பான 2 ஜிபி ஒரே நிமிடத்தில் நிறைந்துவிடும். தப்பிக்க ஒரு வழி இருந்தது. பாடம் நடத்தும்போது திரையில் பெரும்பகுதி அசையாது. எலிமுனை நகரும், ஒரு மெனு விரியும், எழுத்துகள் தட்டச்சாகும். மாறிய இடத்தை மட்டும் குறித்துக்கொண்டால் போதும். காம்டேசியா என்ற திரைப்பதிவு மென்பொருளை விற்ற டெக்ஸ்மித் நிறுவனம் இதற்கென்றே ஒரு கோடெக் (வீடியோவைச் சுருக்கி விரிக்கும் நிரல்) எழுதியது. எழுத்தின் கூர்மை கொஞ்சமும் கெடாமல் கோப்பு சிறுத்தது. கெட்டிக்காரத்தனம்தான். ஆனால் அந்த ஏவிஐ-யை இன்னொருவர் கணினிக்குக் கொண்டுபோனால், கோடெக் அங்கே இல்லாதபோது, ஒலி கேட்கும், படம் வராது. நிறுவனம் கோடெக்கை இலவசமாகவே தந்தது என்பதையும் சொல்ல வேண்டும். இருந்தாலும் பத்துப் பதினைந்து வருடம் கழித்து அந்தக் கோப்புகளை நிம்மதியாகத் திறக்க முடிகிறது என்றால், பிரெஞ்சு நிரலாளர் ஃபேப்ரிஸ் பெல்லார்ட் 2000-இல் தொடங்கிய எஃப்எஃப்எம்பெக் அதைப் படிக்கக் கற்றுக்கொண்டதுதான் காரணம். மறைந்துபோன எத்தனையோ வடிவங்களுக்கு இன்று அந்தத் திறமூல நிரல்தான் பொதுச்சாவி. இந்த வகை வீடியோவுக்கு ‘ஸ்கிரீன்காஸ்ட்’ என்ற பெயர் வந்ததே 2004-இல்தான். ஜான் யூடெல் என்ற தொழில்நுட்ப எழுத்தாளர் தன் வாசகர்களிடம் பெயர் கேட்டு வாங்கியது அது.

2012-இல் ஹ்யூ பெய்லி வெளியிட்ட ஓபிஎஸ் என்ற மென்பொருள், முத்திரை, நேரக்கெடு, காசு மூன்றையும் ஒரேயடியாக நீக்கியது. நேரலை ஒளிபரப்புக்காக எழுதப்பட்டது. வீட்டில் திரைப்பதிவுக்கும் இன்று அதற்கு நிகரில்லை என்பது என் எண்ணம். அதன் நேர்மையைக் காட்டும் ஒரு சின்ன விஷயத்தைச் சொல்லலாம். பதிவை எம்பி4-ஆகச் சேமிக்கச் சொன்னால் அது நெடுங்காலம் எச்சரித்துவந்தது, எம்கேவி வடிவமே போதும் என்று. வழக்கமான எம்பி4 தன் உள்ளடக்க அட்டவணையைக் கடைசியில்தான் எழுதும். நாற்பது நிமிடம் பாடம் நடத்தி, முடிக்க ஒரு நிமிடம் இருக்கும்போது கரண்ட் போனால், டிஸ்க்கில் ஜிபி கணக்கில் தரவு கிடக்கும், எந்தப் பிளேயரும் அதைத் திறக்காது. எம்கேவி போகிற போக்கில் குறித்துக்கொண்டே போவதால், கரண்ட் போன நொடிவரை கையில் நிற்கும். பிறகு அதே ஓபிஎஸ்ஸின் ஃபைல் மெனுவில் உள்ள ரீமக்ஸ் கட்டளையால் தரம் குறையாமல், சில விநாடிகளில் எம்பி4 ஆக்கிக்கொள்ளலாம். 2024-இல் இதற்கென்றே ஒரு கலப்பு எம்பி4 வடிவத்தையும் சேர்த்துவிட்டார்கள். மின்வெட்டு பழகிய நமக்கு, நூறு டிரான்சிஷன் வசதிகளைவிட இந்த ஒன்று பெரிது. இன்னொன்றும் உண்டு. வழக்கமான வீடியோச் சுருக்கம், நிறத்தை நான்கு புள்ளிக்கு ஒருமுறைதான் குறித்துக்கொள்கிறது. முகத்தில், மரத்தில் இது தெரியாது. நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்தைப் பதிவுசெய்து பாருங்கள், ஓரங்கள் கரைந்து வழியும். குறை மென்பொருளில் இல்லை, வடிவத்தில் இருக்கிறது. பாடம் எடுப்பவர் வெள்ளையில் கறுப்பு எழுத்தை வைத்துக்கொண்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது.

வெளிவாசலைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள் என்பதற்கு வரும் மறுப்புகளில் வலுவானது ஒன்று. முடிந்த படம் எம்பி4-ஆகக் கையில் இருக்கிறது. அதை எதிலும் பார்க்கலாம். ப்ராஜெக்ட் கோப்பு பிழைத்தால் என்ன, போனால் என்ன? பிறந்தநாள் வீடியோவுக்கு இது சரி. ஒருமுறை பார்த்து மறக்கும் எதற்கும் சரி. பாடத்துக்குச் சரிப்படாது. மென்பொருளின் பட்டன் ஒன்று இடம் மாறினால், பாடத்தில் பத்து விநாடி மட்டும் மாற்ற வேண்டும். பட்டியல் இல்லாவிட்டால் மொத்தத்தையும் மறுபடி செய்ய வேண்டும். ஐஐடி பம்பாயில் பேராசிரியர் கண்ணன் மௌட்கல்யா நடத்திய ‘ஸ்போக்கன் டுடோரியல்’ திட்டம் இதற்கு நல்ல சாட்சி. திறமூல மென்பொருள்களைக் கற்பிக்கும் பத்து நிமிடத் திரைப்பதிவுப் பாடங்கள். அவற்றுக்குத் தமிழ் உட்பட இந்திய மொழிகளில் குரல். ஒவ்வொரு பாடத்துக்கும் ஓர் எழுத்துப்படி இருக்கிறது, இரண்டே பத்தியில்: இடப்பக்கம் நேரம், வலப்பக்கம் சொல்ல வேண்டிய வாக்கியம். தமிழில் குரல் கொடுப்பவர் அந்த நேரங்களைப் பார்த்துக்கொண்டே பேசுகிறார். சிஎம்எக்ஸ் பட்டியலின் தங்கை என்றே இதைச் சொல்லலாம். படத்தோடு படமாக எல்லாம் உருகி ஒன்றாகிப்போயிருந்தால், அதே பாடம் இத்தனை மொழிகளுக்குப் போயிருக்காது.

அடுத்து, திறமூலம் என்றாலே கஷ்டம், பாதியில் முடங்கும் என்பார்கள். 2002-இல் தொடங்கிய கேடென்லைவ் என்ற திறமூலத் தொகுப்பு மென்பொருளுக்கு அப்படி ஒரு பெயர் நெடுங்காலம் இருந்தது, காரணத்தோடுதான் இருந்தது. இன்று அந்த நிலை இல்லை. அதே வகையைச் சேர்ந்த ஷாட்கட் இன்னும் எளிது. ஆனால் என் அளவுகோல் திறமூலமா இல்லையா என்பதும் இல்லை. டாவின்சி ரிசால்வ் மூடிய மென்பொருள். ஒருகாலத்தில் ஹாலிவுட் ஸ்டுடியோக்கள் லட்சக்கணக்கான டாலர் கொடுத்து வாங்கிய நிறத்திருத்தக் கருவி; 2009-இல் பிளாக்மேஜிக் நிறுவனம் வாங்கி, 2011-இல் இலவசப் பதிப்பு விட்டது. முத்திரை கிடையாது, 4கே வரை வெளியே எடுக்கலாம். வேலையைத் தனிக் கோப்பாக வைக்காமல் தன் தரவுத்தளத்துக்குள் வைத்துக்கொள்வது அதன் குறை; கேட்டால் பட்டியலாகவும் எக்ஸ்எம்எல்லாகவும் வெளியே தருவது அதன் நிறை. மூடிய வீடு, ஆனால் கொல்லைக் கதவு திறந்திருக்கிறது. கிராக் போட்டுக்கொண்டால் எந்த விலையும் இல்லையே என்று வாதாடுகிறவர்களும் உண்டு. கிராக் தள்ளுபடி செய்வது நுழைவுக் கட்டணத்தை மட்டும். பிரீமியரின் புதிய பதிப்பில் சேமித்த ப்ராஜெக்டைப் பழைய பதிப்பு திறக்காது என்ற விதி, காசு கொடுத்தவருக்கும் கொடுக்காதவருக்கும் ஒன்றே. 2013 மே மாதம் அடோபி சந்தா முறைக்கு மாறிய பிறகு, மாதக் கட்டணம் நின்றால் தன் சொந்த வேலையைத் திறக்க முடியாத நிலையும் சேர்ந்துகொண்டது. கைபேசிச் செயலிகளின் கதை இன்னும் குறுகியது. 2020 ஜூன் 29-இல் இந்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் விவாவீடியோ என்ற தொகுப்புச் செயலியும், டியூ ரெக்கார்டர் என்ற திரைப்பதிவுச் செயலியும் இருந்தன. தடை சரியா தவறா என்பது வேறு வாதம். செயலிக்குள்ளேயே பாதியில் நின்ற வேலைகளை அள்ளிக்கொண்டு வர ஒரு வழி இருந்ததா என்பதுதான் இங்கே கேள்வி.

8 ஜிபி நினைவகம் உள்ள சாதாரண வீட்டுக் கணினிக்கு நான் சொல்வது: பதிவுக்கு ஓபிஎஸ், எம்கேவியில், தொகுப்புக்கு ஷாட்கட் அல்லது கேடென்லைவ். 16 ஜிபியும் ஓரளவு நல்ல கிராஃபிக்ஸ் அட்டையும் இருந்தால் ரிசால்வ். விண்டோஸ் 11-இல் கூடவே வரும் கிளிப்சாம்ப், அவசரத்துக்கு ஆகும். எதை நிறுவினாலும் முதல் நாளே ஒரு சோதனை செய்துவிடுங்கள். ஒரு நிமிடப் பதிவை இரண்டு துண்டாக வெட்டி, ப்ராஜெக்டைச் சேமித்து, அந்தக் கோப்பை நோட்பேடில் திறந்து பாருங்கள். ஷாட்கட் கோப்பாக இருந்தால், குறிகளுக்கு நடுவே உங்கள் வீடியோவின் பெயரும், எங்கே வெட்டினீர்கள் என்ற நேரங்களும் எழுத்து எழுத்தாகத் தெரியும். புரியாத குப்பையாகத் தெரிந்தால், பட்டியலை வேறு வடிவில் வெளியே எடுக்க மெனுவில் வழி இருக்கிறதா என்று தேடுங்கள். அதுவும் இல்லையென்றால், அந்த மென்பொருளில் பத்து நிமிடத்துக்கு மேல் நீளும் எந்த வேலையையும் தொடங்காதீர்கள்.